எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய்

கருங்கல்லில் வெட்ட
எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
புள்ளிக்கும் கொம்புக்கும் தனிக் காசா என்றேன்.
கல்வெட்டுக்காரர் சிரித்தார்,
அதெல்லாம் எழுத்தோடு சேர்ந்ததுங்க.

நூலக வாசலில் நிறுத்த வேண்டிய கல்.
தலைப்பு: ஊரின் முன்னோடிகள்.
சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பியவர்
தன் தாத்தா பெயரை முதல் வரியாக
எழுதியே அனுப்பிவிட்டார்,
கொடை வள்ளல், பெருநிலக்கிழார், தர்மப்பிரபு
என்று முன்னால் மூன்று வண்டி பூட்டி.
மிச்ச வரிகள்
ஊராட்சி எழுத்தர் என் தலையில்.

கூட்டம் போட்டோம்.
பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தவர் என்றார்கள்.
கொடுத்த பத்திரம் இல்லை,
உச்சவரம்பில் போன இடம்.
இருக்கட்டும் எழுது, என்றார் தலைவர்.

ஹபீபுல்லா ராவுத்தர்.
கூத்தாநல்லூரிலிருந்து மாட்டு வண்டியில்
அவர் கொண்டுவந்த ஆயில் இஞ்சின்
மூன்று நாள் இருமியது.
நாலாம் நாள் இறைத்த தண்ணீர் உப்பு.
ஆனாலும் முதல் இஞ்சின்.

நர்ஸ் ஞானசுந்தரி,
புயலுக்கு மறுநாள்
மருந்துப் பெட்டியைத் தலையில் கட்டி
அடப்பாற்றை நீந்தி வந்தவர்.
அன்றிரவு பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும்
அவர் பெயர்தான்.
ஒருவர் ஞானசுந்தரம், டீக்கடை.
கூட்டத்துக்கு டீ அவர் செலவு.

அப்புறம் யாரோ சொன்னார்கள்,
சங்கிலி வைரக்கண்ணு.

சர்வே சங்கிலி இழுத்த ஆள்.
பொதுப்பணித்துறைப் பேரேட்டில்
'கூலி ஆள் இரண்டு' என்று மட்டும் இருக்கிறார்.
மேலச்சேத்திக்காரன் மடையை மறிக்கிறான் என்று
முப்பது வருஷம் நாம் கோர்ட்டுக்கு அலைந்தபோது,
இரண்டு பேர் வெட்டுப்பட்டு வரப்பில் கிடந்தபோது,
தண்ணியை மறிக்கிறது ஆள் இல்லைங்க, மேடு
என்றாராம்.

மேடா? இங்கேயா?
கண்ணுக்கு எட்டியவரை
தட்டு மாதிரி கிடக்கிற பூமியில்
மலை பார்க்க பஸ் ஏறுகிற ஊரில்
மேடா?

பகலில் அந்த வயல்களில்
அவர் கால் வைக்க முடியாது.
இரவில் போனார்.
மன்னார்குடியில் வாங்கிய
கண்ணாடி டியூப் முப்பது முழம்.
ஒரு முனை அவர் கையில்.
மறு முனை காத்தாயி கையில்,
அவர் மனைவி, ஏழு மாதம்.
அரிக்கேன் வெளிச்சத்தில்
முளை அடித்து முளை அடித்து
சுடுகாட்டுத் திருப்பத்தில் கண்டுபிடித்தார்கள்:
ஒரு சாண்.

குடகு மலையில் தொடங்கி
இத்தனை அணை, இத்தனை மதகு தாண்டி
இறங்கி இறங்கி வந்த தண்ணீர்
ஒரு சாணைப் பார்த்து
நின்றுபோயிருக்கிறது.

வெட்டினார்கள்.
விடியற்காலை நுரை வந்தது, சருகு வந்தது,
ஒரு செத்த பாம்பு வந்தது,
பின்னாலேயே தண்ணீர்.
குழி வெட்டிய கூலி பாக்கி என்பது
தனிக் கதை.

சரி, என்னவென்று வெட்டுவது,
போட்டோகூட இல்லையே என்றார் தலைவர்.
காசும் தீர்ந்துவிட்டது.

இரவு விரல் விட்டு எண்ணினேன்.
வைரக்கண்ணு ஆறு எழுத்து.
காத்தாயி நாலு.
மேடு கண்டவர் என்றால் இன்னும் ஏழு.
மேலே, முதல் வரியில்,
கொடை வள்ளல் ஆறு.
பெருநிலக்கிழார் எட்டு.
இரண்டையும் அடித்தேன்.
மூன்று எழுத்து இடித்தது.
ஐம்பத்து நாலு ரூபாய்
என் சட்டைப் பையிலிருந்து.
தர்மப்பிரபுவை விட்டுவைத்தேன்,
ஒன்றாவது இருக்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் பேசும்.

இன்று கல் இறங்கியது.
வாசல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார் மேஸ்திரி.
எனக்குத் தெரியவில்லை.
பையிலிருந்து டியூபை எடுத்து உதறி
தண்ணீர் ஊற்றி
ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.
ஆடாமப் பிடிங்க சார்.

பிடித்தேன்.
கை கொஞ்சம் நடுங்கியது.
தண்ணீர் மெதுவாக
ஏறி இறங்கி நின்றது,
மேற்கே இரண்டு விரல் உசரம்.